பொத்தான் இல்லாத மெஷின்

சட்டையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மேசையில் கிடத்தியிருந்த அப்பாவின் முழங்கைகள் மடங்கியபடியே விறைத்துப் போயிருந்தன. அண்ணன் ஒரு பக்கம் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அம்மா இன்னொரு பக்கம் இழுத்தாள். தோள் தையல் பிரிந்ததுதான் மிச்சம்.

"கத்தரிக்கோலை எடுங்க யாராச்சும்," என்றான் அண்ணன், யாரையும் பார்க்காமல்.

அது மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்தில் நின்றவள் அவன் தங்கைதான். பதினான்கு வருடம் கழித்து ஊருக்குள் கால் வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அப்பாவின் கடைக்குள் நுழைந்து பத்து நிமிடம். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. அட்டைக்கு ஒட்டும் துணியை வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் ஆணியில் தொங்கியது. எடுத்தாள். அப்பாவின் காலருக்குள் அதன் கீழ் அலகை நுழைத்தாள்.

அம்மா பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள்.

"அவ கையில ஏன்டா குடுத்தே! யாரு குடுத்தா அவ கையில?"

கத்தரிக்கோல் அப்பாவின் மார்பில் விழுந்து, வழுக்கி, தரையில் குத்தியது. துக்கத்துக்கு வந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பாவின் தங்கை மட்டும் மூடவில்லை. அத்தை எங்கேயும் எப்போதும் மூடியதில்லை.

"செத்தவருக்கு இனிமே என்ன வலிக்கப் போகுது, அண்ணி? ஆனாலும் நீங்க சொல்றது சரிதான். இவ கை லட்சணம் நமக்குத் தெரியாததா?"

யாரோ இரண்டு பேர் சிரித்துவிட்டு, சாவு வீடு என்று நினைவு வந்து இருமினார்கள்.

அண்ணன் குனிந்து கத்தரிக்கோலை எடுத்தான். இடது கையால்தான். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது. மற்ற நான்கும் உள்ளங்கையோடு ஒரே நேர்க்கோட்டில் போய்விட்டிருந்தன. கோணல் இல்லாத கோடு. அந்தக் கட்டைவிரலை அப்பாவின் தோளில் முட்டுக் கொடுத்து, இடது கையால் சட்டையைக் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பில் கிழித்தான். பட்டன்கள் தெறித்து மேசைக்கடியில் ஓடின.

அவள் சுவரோரம் போய் நின்றாள். மணிக்கட்டில் அம்மாவின் நகம் பதிந்த இடத்தில் இரத்தம் கசிந்தது. அதை நக்கித் துடைத்தாள். இந்த வீட்டில் அவள் முதலில் கற்றுக்கொண்ட வைத்தியம் அது.

கீழே பைண்டிங் கடை, மேலே வீடு. சந்துக்குள் மூன்றாவது கட்டடம். இரண்டு பக்கமும் அச்சகங்கள், காகிதக் கிடங்குகள், அட்டைப் பெட்டி மடிப்பவர்கள். வரும்போது பார்த்தாள், ஒன்றுமே மாறவில்லை. அதே காகிதக் கட்டுகள் அதே தள்ளுவண்டிகளில் அதே கெட்ட வார்த்தைகளோடு போய்க்கொண்டிருந்தன. நேற்றுச் சாயங்காலம் அப்பா பசைக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே செத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, அண்ணன் இரண்டு மணி நேரம் சத்தம் போடாமல் வேலை செய்திருக்கிறான். தூக்கத்தில் எழுப்பினால் அப்பா கையில் கிடைத்ததை எறிவார். அந்தப் பயம்.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அண்ணனுக்குப் பதினான்கு. அப்போதுதான் அவன் விரல்கள் போயின. அண்ணன் கட்டிங் மெஷினில் காகிதத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான், அவள் விளையாட்டாகப் பொத்தானை அழுத்திவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சந்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அத்தை அவளுக்கு 'கத்தி' என்று பெயர் வைத்தாள், அது ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்திலும் கத்திதான்.

அவளுக்கே நன்றாக நினைவிருந்தது. பச்சைப் பொத்தான். விரல் நுனியில் அதன் குளிர்ச்சி. அழுத்தியதும் உள்ளே போய் மறுபடி வெளியே வந்த அந்தச் சின்ன எதிர்ப்பு. ஒரு விரலால் நாலு விரல். எத்தனையோ ராத்திரிகள் அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருக்கக் கனவிலே போராடித் தோற்றிருக்கிறாள்.

அப்பா அதற்காக அவளை அடித்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. கடையில் வேலை தாமதமானால், அண்ணன் எதையாவது கீழே போட்டால், அவளைக் கூப்பிடுவார். "கையை நீட்டு." இரண்டடி ஸ்டீல் ஸ்கேல், தட்டையாக அல்ல, விளிம்பால். "எந்த விரலு? சொல்லு, எந்த விரலு அழுத்துச்சு?" அவள் விரலைக் காட்டுவாள்.

அண்ணனும் அடித்தான். பதினாறு வயதில் ஒரு நாள் ஷூ லேஸ் கட்ட முடியாமல் அரை மணி நேரம் தவித்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு, "கையை இங்க வை," என்று கதவிடுக்கைக் காட்டினான். வைத்தாள். அவன் கதவைச் சாத்துவது தெரிந்தது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நியாயம்தானே என்று அந்த எட்டு வயதுக்குத் தோன்றியது. இடது சுண்டுவிரல் இன்றும் நேராகாது.

பதினேழு வயதில் ஓடினாள். வேறு ஊரில் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குழந்தைகளைத் தூக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

இதுவரைக்கும் கதை இவ்வளவுதான்.

கடை மெஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அகலமான ஆள். இறந்தவரைப் பார்த்து ஒரு நிமிடம் தலை குனிந்தார். அந்த நிமிடம் முடிந்ததும் கட்டிங் மெஷின் பக்கம் போய்விட்டார். அது கடையின் நடுவில், அப்பா கிடந்த தையல் மேசைக்கு மூன்றடி தள்ளி, துணி போர்த்தி நின்றது. துணியைத் தூக்கிப் பார்த்தார். அவள் அங்கேதான் நின்றிருந்தாள். வேறு எங்கும் நிற்க அவளுக்கு இடம் விடப்படவில்லை.

"எண்ணெயே காட்டலை பாரு," என்றார் மெக்கானிக் அவளிடம். "உங்கப்பன் எல்லார்கிட்டயும் கடுகடுன்னு இருப்பாரு, மெஷின்கிட்டயும் அப்படியே. நீதான் அந்த வெளியூர்ல இருக்கற பொண்ணா?"

"ஆமா."

"என்னைத் தெரியாது உனக்கு. இந்த மெஷினை இந்த வாசல்ல இறக்கினதே நான்தான். ஏழு பேரு தூக்கினோம். உங்கப்பன் ஒரு டீ வாங்கித் தரலை."

அவள் கண் துணிக்கடியில் போய் நின்றது. பச்சைப் பொத்தான். ஒன்று இல்லை, இரண்டு. இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. அவளுக்கு ஒன்றுதான் நினைவில் இருந்தது.

"இதுலதான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"இதுல என்ன?"

"எங்கண்ணன் கை."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். வேடிக்கை பண்ணுகிறாளா என்று பார்க்கிற பார்வை.

"இதுல எப்படிம்மா கை போகும்? ரெண்டு பொத்தானையும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் பிளேடு இறங்கும். ஒண்ணை மட்டும் அமுக்கினா விடிய விடிய அமுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அதுவும் போக, இது வந்ததே உங்கண்ணன் கை போனதுக்கப்புறம். மறு வருஷம். கை போனதாலதான் உங்கப்பன் இதையே வாங்கினாரு. 'ஆளை வெட்டாத மெஷினா குடு'ன்னு கேட்டாரு. நான்கூடச் சொன்னேன், மெஷின் ஆளை வெட்டாது அண்ணே, ஆள்தான் ஆளை வெட்டும்னு. முறைச்சாரு."

"அப்ப எந்த மெஷின்?"

"கைமெஷினு. உள்ள ரூம்ல கெடக்குமே, பார்த்ததில்லையா? உங்க தாத்தா காலத்துது. பழைய இரும்புக்குப் போடுன்னு எத்தனை தடவை சொன்னேன், கேக்கலை."

"அதுல பொத்தான் எங்க இருக்கும்?"

"பொத்தானா?" சத்தமாகச் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். "கரன்ட்டே கிடையாது தங்கச்சி. லீவரு. இந்தக் கையால லாக்கை இழுத்துப் பிடிக்கணும், அந்தக் கையால லீவரை இறக்கணும். ரெண்டு கையும் வேலையில மாட்டிக்கும். அதான் அந்தக் காலத்துப் பாதுகாப்பு. உங்கண்ணனுக்கு எப்படிப் போச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. கேட்டா யாரும் வாயே தொறக்க மாட்டேங்கறீங்க."

உள்ளறையின் கதவில் பூட்டு இல்லை. அவளைத் தடுக்க எப்போதும் பூட்டு தேவைப்பட்டதில்லை. அந்தப் பக்கம் போகாதே என்று ஒரு தடவை சொன்னது போதுமாக இருந்தது, பதினொரு வருடத்துக்கு.

உள்ளே வெட்டுத் துண்டுக் காகிதம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. நடுவில் அது. கறுப்பு இரும்பு, நான்கு கால், அகலமான படுக்கை, மேலே பிளேடு. வலது பக்கத்திலிருந்து லீவர் நெட்டுக்குத்தாக மேலே போனது. அதன் மரப்பிடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தலைக்கு மேலே இருந்தது. முப்பத்தோரு வயதில், செருப்புக் காலோடு, எட்டித்தான் பிடித்தாள்.

இழுத்தாள். அசையவில்லை. தொங்கினாள். அசையவில்லை.

இடது பக்கம் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழ், சிவப்புப் பெயின்ட் உரிந்து போனது. வெளியே இழுத்ததும் டக் என்று சத்தம் வந்தது. விட்டால் தானாகவே உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஆக, இழுத்தே பிடித்திருக்க வேண்டும். குமிழை இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கையால் லீவரை இழுத்தாள். உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டாள். துரு கிரீச்சிட்டது. லீவர் மெதுவாகச் சாய்ந்தது, பாதி வழியில் சட்டென்று கனம் பிடித்துத் தானே இறங்கியது. பிளேடு மரக்கட்டையில் மோதிய சத்தத்தில் முன்னறைப் பேச்சு நின்றது.

ஆறு வயதில் அவளுக்கு எவ்வளவு உயரம் இருந்திருக்கும்? கையைத் தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்துப் பார்த்தாள். அங்கிருந்து பிடி முன்பு நின்ற உயரத்தைப் பார்த்தாள்.

ஓடி வந்தவன் அண்ணன். கதவில் நின்றான்.

"இங்க என்ன பண்றே?"

"இதுல பொத்தான் இல்ல."

அவன் அவளைத் தாண்டி வந்து, லீவரைத் தோளால் முட்டி மேலே ஏற்றினான். லாக் தானாக விழுந்தது. எத்தனையோ தடவை செய்து பழகிய மாதிரி இருந்தது அது.

"வெளிய வா. அப்பாவுக்குப் பெட்டி வர்ற நேரம்."

"பொத்தான் எங்கேண்ணா?"

"வான்னு சொல்றேன்ல."

"நான் எந்த விரலாலண்ணா அமுக்கினேன்? எந்த விரலு? சொல்லு!"

அவள் கத்தினாள். அவன் கதவைச் சாத்தினான். மூடிய கதவுக்குப் பின்னால் அந்த அறை இன்னும் சின்னதானது.

"நீ அங்கேயே இல்லடி," என்றான். "மாடியில தூங்கிட்டு இருந்தே."

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை, அந்தக் குளிர்ச்சி, எல்லாம் யாரோ சொன்னது, அப்புறம் முன்னறை மெஷினைப் படிக்கட்டிலிருந்து பார்த்துப் பார்த்து அவளே செய்துகொண்டது.

"அப்பாவா?"

"சும்மா மிரட்டத்தான். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இருநூறு ரெஜிஸ்டர், ஸ்கூல் ஆர்டரு. தையல் போட்டு ரெடியா இருந்துச்சு. ஓரம் வெட்டச் சொன்னாரு. நான் மாத்தி வச்சு முதுகுப் பக்கம் வெட்டிட்டேன். தையலோட போயிடுச்சு. எடுத்தா எல்லாம் தாள் தாளா கொட்டுது. அவருக்கு வெறி பிடிச்சிருச்சு. கையைப் புடிச்சு இங்க வச்சாரு, மிரட்டத்தான், இன்னொரு கையால லீவரைத் தொட்டாரு. வழுக்கி இறங்கிருச்சு. வேணும்னு இல்ல."

"கதவுல என் கையை வச்சு நசுக்கினியே," என்றாள். "அப்பவும் உனக்குத் தெரியுமா? நான் தூங்கிட்டு இருந்தேன்னு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

அவள் அடித்தாள். கன்னத்தில் இல்லை, வாயில், முஷ்டியால். தன் கை இப்படி மடங்கும் என்றே அவளுக்குத் தெரியாது. அவன் பின்னால் போய்க் காகித மூட்டையில் விழுந்தான். எழுந்து வந்து திருப்பி அறைந்தான், விரல் இல்லாத கையால். கட்டை மாதிரி இருந்தது அது. தாடையில் பட்டதும் பல் நாக்கைக் கடித்தது. அவள் அவன் முடியைப் பிடித்து இழுத்து மெஷினோடு மோதினாள். அவன் அவள் வயிற்றில் முழங்கையால் குத்தினான். இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்தம் போடாமல் அடிபடத் தெரியும்.

மூச்சு வாங்க நின்றபோது அவள் அவன் இடது கையைப் பிடித்தாள். நல்ல கையை. இழுத்துக்கொண்டு போய் பிளேடுக்குக் கீழே, படுக்கையின் மேல் வைத்தாள்.

"என்னடி பண்றே?"

"அப்பா மாதிரி மிரட்டறேன்."

ஒரு கையால் அவன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். இன்னொரு கையால் லீவரை எட்டிப் பிடித்தாள். இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கால் தரையை விட்டு எழும்பத் தொங்கி இழுத்தாள். லீவர் மயிரிழைகூட அசையவில்லை.

"பாத்தியா? வழுக்குதா?" என்றாள். "உன் கையை ஒருத்தர் புடிச்சிருந்தா இது இறங்காது. லாக்குக்கு ஒரு கை. லீவருக்கு ஒரு கை. உனக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கடையில இருக்கே. அந்த ரெண்டு கையும் அங்க இருந்துச்சுன்னா, உன் கையை யாரு புடிச்சிருந்தா?"

அவன் உதடு கிழிந்து இரத்தம் கீழே, மரக்கட்டையில் சொட்டியது.

"சொல்லுண்ணா. யாரு புடிச்சிருந்தா?"

"யாரும் புடிக்கல."

முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"அப்ப?"

"எடுக்காதேன்னு சொன்னாரு." அவன் குரல் பதினான்கு வயதுக்குப் போய்விட்டது. "கையை வை, எடுக்காதேன்னாரு. எடுத்தா இதைவிடப் பெரிசா விழும்னு நெனச்சேன். லாக்கு டக்குனு இழுத்த சத்தம் கேட்டுச்சு. எனக்குத் தெரியும், இழுத்துட்டாருன்னு. மெஷின்கூடவே வளர்ந்தவன், தெரியாதா? எடுத்திருக்கலாம். வச்சுக்கிட்டே நின்னேன். இதை எப்படிடீ வெளிய சொல்றது? எவனாவது கேட்டா என்ன சொல்வான்? கிறுக்குப்பய, ஏன்டா எடுக்கலைன்னு கேப்பான்ல."

அவள் அவன் மணிக்கட்டை விட்டாள். லீவரையும் விட்டாள்.

அவன் இடது கை பிளேடுக்குக் கீழேயே இருந்தது. ஐந்து விரலும் விரித்தபடி. அவளை அவன் பார்க்கவில்லை. எதற்காகவோ காத்திருந்தான்.

"எடுண்ணா," என்றாள்.

அவன் எடுக்கவில்லை.

"எடுடா! கையை எடு!"

தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அதற்குப் பிறகுதான் எடுத்தான். எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்குளில் வைத்துக்கொண்டான்.

முன்னறைக்கு அவர்கள் வந்தபோது சவப்பெட்டி வந்திருந்தது. மெக்கானிக்கும் வண்டி டிரைவரும் அப்பாவை அதில் இறக்கி, மடங்கிய முழங்கைகள் மூடிக்கு இடிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வாயோரம் வீங்கியிருந்தது. அண்ணனுக்கு உதடு கிழிந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை.

அடுத்த சந்துப் பிரஸ்காரர் ஒருவர் மனைவியோடு அப்போதுதான் வந்திருந்தார். புது மனைவி, பழைய கதை தெரியாதவள். அந்தப் பெண் அண்ணனின் கையைப் பார்த்துவிட்டு அத்தையிடம் ஏதோ கேட்டாள். அத்தைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"அதுவா? அந்தா நிக்குதே, மகாராணி, அவ வேலைதான். ஆறு வயசுல அண்ணனை அறுத்தவ. கத்தின்னு சும்மாவா பேரு வச்சேன்? பெத்த அப்பன் அந்தக் கவலையிலேயே உருகி உருகி..."

"அவ இல்ல," என்றான் அண்ணன்.

"என்னடா?"

"அவ இல்ல அத்தை. அப்பா."

"அப்பாவுக்கு என்ன?"

"அப்பாதான் வெட்டினாரு. கையை வைக்கச் சொல்லி, லாக்கை இழுத்து, வேணும்னே வெட்டினாரு. நான் வச்சுக்கிட்டு நின்னேன். இவ மாடியில தூங்கிட்டு இருந்தா."

டிரைவர் மூடியைப் பாதியில் பிடித்தபடி நின்றார். மெக்கானிக் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார், ரொம்ப நாள் கணக்கு இப்போதுதான் நேரானவர்போல.

அத்தை வந்தாள். ஐந்தடி உயரம்தான் அவள், குதித்துத்தான் அவனை எட்ட முடிந்தது. எட்டி அறைந்தாள். கிழிந்த உதடு மறுபடி பிளந்தது.

"நாயே! பொணம் வாசலைத் தாண்டலை, அதுக்குள்ள! சோறு போட்ட கையைப் பாத்துப் பேசறியே! இவ வந்த உடனே ஓதிட்டா பாரு! அண்ணி, நீங்க சொல்லுங்க. வாயில என்ன வச்சிருக்கீங்க? உங்க புருஷனைச் சொல்றான், சொல்லுங்க!"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அப்பாவின் கிழிந்த சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தோடு ஓரம் வைத்து, நகத்தால் மடிப்பைத் தேய்த்து. நாற்பது வருடம் தாள் மடித்த கை.

"அவரு சொல்லலை," என்றாள் அம்மா.

"அப்படிக் கேளுங்க! அவரு ஏன் சொல்லப் போறாரு..."

"நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில போலீஸ்காரரு கேட்டாரு, எப்படி ஆச்சுன்னு. அவரு வாய் தொறக்காம நின்னாரு. நான்தான் சின்னவ விளையாட்டா பண்ணிட்டான்னு சொன்னேன்." அம்மா மகளைப் பார்க்கவில்லை. மடிப்பைத்தான் பார்த்தாள். "ஆறு வயசுப் பொண்ணை யாரு என்ன பண்ணிடப் போறாங்கன்னு நெனச்சேன்."

"அவரு பண்ணாரேம்மா," என்றாள் அவள்.

அம்மா மடிப்பதை நிறுத்தினாள்.

"விளிம்பால அடிச்சாரு. நீ பக்கத்துலதான் தாள் மடிச்சுக்கிட்டு இருந்தே. எந்த விரலுன்னு கேட்டு அடிச்சாரு. நான் காட்டினேன். நீ பாத்தே."

"ஆரம்பத்துல அவருக்குத் தெரியும்டி," என்றாள் அம்மா. "அப்புறம் அப்புறம்... அவரு நெஜமாவே நீதான்னு நம்ப ஆரம்பிச்சுட்டாரு. என்கிட்டயே வந்து சொல்லுவாரு, பாரு இந்தச் சனியன் என் பையனை என்ன பண்ணிடுச்சுன்னு. நான் என்ன சொல்றது? நான் ஆரம்பிச்சு வச்சது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்னை அடிப்பாரு."

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். மழை வந்தால் துணி நனையும் என்பதுபோல. அவள் அம்மாவின் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கினாள், பெட்டியருகே போனாள், அதை உருட்டி அப்பாவின் முழங்கைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் குத்திக் குத்தித் திணித்தாள். அப்பாவின் தோள் அசைந்தது. அத்தை "ஐயோ, ஐயோ," என்றாள். யாரும் தடுக்கவில்லை.

"மூடுங்க," என்றாள் டிரைவரிடம்.

வண்டி சின்னது. பின்னால் பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பலகை. இரண்டு பேர்தான் ஏறலாம் என்றார் டிரைவர். அத்தை ஏறப் போனாள். அண்ணன் அவளைத் தோளால் விலக்கிவிட்டு ஏறினான். பிறகு குனிந்து தங்கையிடம் கையை நீட்டினான், வலது கையை. அவள் அந்தக் கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்து ஏறினாள். கதவு மூடும்போது பார்த்தாள். அம்மா வாசலில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றாள். அம்மாவின் கை சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"பெல்ட்டு அறுந்து போச்சு," என்று முன்னாலிருந்து கத்தினார் டிரைவர். "திரும்பும்போது பெட்டி நகரும். ரெண்டு பேரும் காலால முட்டுக் குடுத்துக்கோங்க."

சந்தைத் தாண்டிப் பெரிய ரோட்டில் வண்டி வேகம் பிடித்தது. தள்ளுவண்டிக்காரர்கள் திட்டினார்கள், டிரைவரும் திட்டினார். முதல் வளைவில் பெட்டி கரகரவென்று இழுபட்டு அவள் பக்கம் வந்து முழங்காலில் இடித்தது. அவள் குதிகாலை வைத்துத் தள்ளினாள். அது அண்ணன் பக்கம் போனது. அவன் வெளியே பார்த்துக்கொண்டே தன் காலால் திருப்பித் தள்ளினான்.

அடுத்த வளைவு வந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் பெட்டியின் பலகையில் நன்றாக ஊன்றிக்கொண்டாள்.